நாலு கோடும் ஒரு கொக்கியும்

“இந்த வீட்டுல உனக்கு என்ன வேணும்னாலும் என்கிட்ட கேக்கலாம்மா. தயங்கவே கூடாது.”

“சரிங்க மாமா.”

“வெறும் சரின்னா எப்படி? ஒண்ணு கேளு, பார்ப்போம்.”

“இப்ப ஒண்ணும் வேணாம் மாமா.”

“வேணாமா? அப்ப உன் பேர்ல ஒரு டிக்கெட்டை வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டு வைக்கிறேன். என்னிக்கு வேணும்னாலும் கன்ஃபர்ம் பண்ணிக்கோ.”

நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் மாமனார் சொன்னது இது. முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவர். கொடியும் விசிலும் அலமாரிக்குள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேச்சில் மட்டும் ரயில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த டிக்கெட்டை அவள் இன்றுவரை கேட்டு வாங்கவில்லை. ஆரம்பத்தில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கேட்பதற்கு ஒன்று வந்தபோது வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கூந்தலை முடிந்து, அதில் வழக்கம்போல ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பழக்கத்தால்தான் மாமனார் அவளைப் ‘பென்சில்’ என்று கூப்பிடுவார். பெற்ற மகனுக்கு அவர் வைத்த பேர் ‘எலி’. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் மௌஸைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு வேறென்ன பேர் வைப்பது என்று கேட்பார்.

நேற்று அவர்கள் செய்த புது நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் போய்த் தொப்பென்று விழுந்த மாமனாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் ஒரு தைலம், மகனுக்கு ஒரு திட்டு, அவ்வளவோடு சரியாகிவிட்டது. சரியாகாமல் இருந்தது நாற்காலி.

முட்டி தேய்ந்தவர்கள் பிறர் தயவில்லாமல் தானாக எழுந்துகொள்ள ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டிருந்தது ஒரு கம்பெனி. வீட்டின் முன்னறைதான் அவளுக்கும் புருஷனுக்கும் ஆபீஸ். அவள் யோசித்து வரைவாள். அவள் யோசனையோடு கூடவே ஓடுகிற மாதிரி அவன் கம்ப்யூட்டரைப் பழக்குவான். அப்படி அவன் எழுதிய புரோகிராமுக்குப் பேர் சிலேட்டு.

மற்ற டிராயிங் புரோகிராம்கள் ஒரு கோடு போட்டதுமே நீளம் எத்தனை, கனம் எத்தனை என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிக்கும். யோசனை முளைக்கும் நேரத்தில் நீளம் யாருக்குத் தெரியும்? சிலேட்டு எதையும் கேட்காது. எப்படிக் கிறுக்கினாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆசனம் எப்படி மேலே எழும்பலாம் என்று கேட்டால் ஸ்பிரிங், நெம்புகோல், காற்றுக் குழாய் என்று வழிகளை ஒரு பக்கம் அடுக்கும். கை எங்கே ஊன்றலாம் என்று கேட்டால் அதற்கான வழிகளை இன்னொரு பக்கம் அடுக்கும். பிறகு இதோடு அதைச் சேர்த்தால் எப்படி, அதோடு இதைச் சேர்த்தால் எப்படி என்று ஜோடி சேர்த்துக் காட்டும். அறுபது ஜோடியில் ஐம்பத்தைந்து சிரிப்பாய்ச் சிரிக்கும். மிச்சம் ஐந்தில் ஏதாவது ஒன்று அவளை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முடிவான கோட்டை அவள் ஒரே இழுப்பில் போடுவாள். முடிவாகாத இடத்தில் மூன்று நாலு கோடு தளர்வாக ஓடும், பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி நிற்கும். நாலு கோடு கிடந்தால் யாரும் தொடக் கூடாது, அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். மாமனாருக்குக்கூட அது தெரியும்.

சிலேட்டுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை, “பென்சில் படமா அனுப்பாதீங்க சார், முடிஞ்ச மாதிரி இருக்கணும்” என்று கம்பெனி மேனேஜர் அவசரப்படுத்தினார். அவள் வெளியே போயிருந்தாள். அவன் ‘நேர்த்தி’ என்ற பட்டனை ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டான். கைப்பிடியில் கிடந்த நாலு கோட்டையும் கூட்டி நாலால் வகுத்து, சிலேட்டு ஒரே கோடாக்கிவிட்டது. ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் கனம்.

அந்தக் கனத்துக்கு அவன் ஃபோமில் கைப்பிடி செதுக்கி மாமனாரை உட்கார வைத்தபோதுதான் நேற்று அவர் கை வழுக்கித் தொப்பென்று விழுந்தார். விழுந்த கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. ‘படம் பிரமாதம். கைப்பிடி வார்க்க எஃகு அச்சு செய்யக் கொடுத்தாச்சு. காலையில் எஃகை வெட்ட ஆரம்பிக்கிறார்கள்.’ பதறிக் கூப்பிட்டால் அவர் போன் அணைந்து கிடந்தது. விமானத்தில் இருந்தாராம்.

“பட்டறை அட்ரஸ் கிடைச்சிடுச்சு, கிளம்பு” என்று அவன் ஸ்கூட்டர் சாவியோடு வந்து நின்றான். ராத்திரி முழுக்க அவள் பேசாததில் முகம் சின்னதாகியிருந்தது.

“எனக்கு ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா என்ன?” என்று அவள் ஆரம்பித்தாள்.

“பண்ணேன். நீ எடுக்கல.”

“எடுக்கலன்னா அனுப்பிடறதா?”

“அவர் தலை மேல நின்னாரு...”

“நிக்கட்டுமே! கால் வலிச்சா உக்காருவாரு. நம்மகிட்ட இல்லாத நாற்காலியா?”

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்தே சொன்னார்: “டேய் எலி, சிக்னல் விழறதுக்கு முந்தி வண்டிய எடுத்துட்ட. வாதாடாம போய் பிரேக் போடற வழியப் பாரு.”

கிளம்பும் முன் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். தினமும் போடுவதுதான்.

“சாப்பிட்டியாம்மா?”

“ஆச்சு. உன் அண்ணன் ஊட்டாத குறையா சாப்பிட வச்சுட்டுத்தான் போனான்.”

“தண்ணி குடிச்சியா?”

“குடிக்கிறேன், குடிக்கிறேன். உனக்கு வேற வேலை இல்லையா? போ.”

அம்மா குடிக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அது தெரிந்தது. அண்ணனும் அண்ணியும் எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். போகும் முன் அண்ணன் அம்மாவைத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்து, கைக்கெட்டும் இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரும் வைப்பான். ஒரு மணிக்கு அண்ணி ஓடி வருவாள். நல்லவர்கள்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் அம்மாவால் தானாக எழுந்திருக்க முடியாது. முட்டி விட்டுப்போச்சு. விரல்களும் மடங்கிப் போய் எதையும் இறுகப் பிடிக்க வராது. அன்று ஒரு மணிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பாட்டில் கழுத்துவரை நிரம்பியே இருந்தது.

“என்னம்மா, ஒரு வாய்கூடக் குடிக்கல?”

“குடிச்சா எழுந்துக்கணுமேடி” என்றாள் அம்மா, ரொம்பச் சாதாரணமாக.

அந்த ஒரு வாக்கியம் அவள் தொண்டையில் சிக்கி இன்றோடு ரெண்டு மாதம். அம்மாவை இங்கே அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டியது அவ்வளவுதான். ஆனால் வீடு மாமனாருடையது. இருப்பது மூன்றே அறை: ஒன்று அவருக்கு, ஒன்று இவர்களுக்கு, ஒன்று சிலேட்டுக்கு. யாரை நகரச் சொல்வது? தினமும் ஒருமுறை வாயைத் திறந்து, “டீ போடட்டுமா மாமா?” என்று கேட்டு மூடிக்கொண்டாள். அந்த ரெண்டு மாதத்தில் மாமனார் குடித்த டீக்குக் கணக்கே இல்லை.

நாற்காலி வேலை வந்தபோது அதனால்தான் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். இந்த நாற்காலி சரியாக வந்துவிட்டால் அம்மா எங்கே இருந்தாலும் எழுந்துகொள்வாளே. அதையும் ஒரு பட்டன் கெடுத்துவிட்டதே என்றுதான் ராத்திரி முழுக்கக் குமைந்தாள்.

பட்டறைகள் இருந்த தெருவுக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. ஒரே மாதிரி இரும்புக் கதவுகள், எல்லாவற்றுக்குள்ளிருந்தும் ஒரே இரைச்சல். பதினாலாம் நம்பர் கதவுக்குப் பின்னால் மட்டும் சத்தமே இல்லை.

அவள் கதவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். “முடிச்சுட்டாங்க போல.”

“அதுக்குள்ளயா?” என்றான். சொன்னானே தவிர, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

உள்ளே கட்டிலகலத்துக்கு ஒரு வெட்டும் மிஷின் நின்றது. அதன் மேல் பளபளவென்று ஒரு எஃகுக் கட்டை. ஒரு கீறல்கூட இல்லை.

மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அச்சு வெட்டும் அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி, முழங்கைவரை எண்ணெய்க் கறை. கையில் இவர்கள் அனுப்பிய படத்தின் பிரிண்ட்.

“நீங்கதான் இந்தப் படம் போட்டவங்களா? வாங்க, வாங்க. நேத்திலேருந்து உங்களத்தான் தேடறேன். மேனேஜர் போனை எடுக்கல, உங்க நம்பர் எங்கிட்ட இல்ல. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தக் கொக்கியில என்னத்தத் தொங்க விடப் போறீங்க?”

“கொக்கியா?”

அச்சுக்காரம்மா படத்தை நீட்டினார். கைப்பிடிக்கு அடியில், அழகாக வளைந்த ஒரு குட்டிக் கொக்கி. அதற்கு நேர் கீழே ஒரு ஸ்குரு துளை.

அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

“அது கொக்கி இல்லைங்க” என்றாள். குரல் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் தள்ளாடியது. “அது என்னோட கேள்விக்குறி.”

நாலு கோட்டை ஒன்றாக்கிய சிலேட்டு, பக்கத்தில் நின்ற கேள்விக்குறியையும் விட்டு வைக்கவில்லை. வளைவைக் கொக்கியாக்கி, புள்ளியைத் துளையாக்கி, மில்லிமீட்டர் கணக்கும் எழுதிவிட்டது.

அச்சுக்காரம்மா படத்தை இன்னொரு முறை கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு ஸ்டூல் ஆட ஆடச் சிரித்தார்.

“அதானே பார்த்தேன்! ஒரு மில்லி கனத்துல கொக்கி. ஈ உக்காந்தாலே ஒடிஞ்சிடும். புத்தி உள்ளவங்க யாராவது இதைப் போடுவாங்களா, இல்ல எனக்குத்தான் புரியலையான்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன். கட்டைய நேத்தே ஏத்தியாச்சு. ஆனா சந்தேகம் வந்தா நான் வெட்டமாட்டேன். காகிதம்னா ரப்பர் வச்சு அழிச்சுக்கலாம். எஃகை என்னத்த வச்சு அழிக்கிறது?”

நேற்று மாலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. பக்கத்திலிருந்த காலி டிரம்மின் மேல் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு வாய் தண்ணி குடிம்மா” என்று அந்த அம்மாள் செம்பை நீட்டினார்.

அவள் முழுச் செம்பையும் குடித்தாள். குடிக்கும்போது அம்மாவின் பாட்டில் ஞாபகம் வந்து பாதியில் ஒருமுறை நின்றது.

“சரி, உங்க நாலு கோட்டைத்தான் காட்டுங்களேன். அந்தக் கேள்விதான் என்னன்னு பார்ப்போம்” என்றார் அச்சுக்காரம்மா.

அவன் லேப்டாப்பைத் திறந்தான். சிலேட்டில் நேர்த்தியான படத்தை ஒதுக்கி, அடியில் இருந்ததை மேலே கொண்டுவந்தான். நாலு கோடுகளும் அப்படியே இருந்தன. மேலே ரெண்டு, கீழே ரெண்டு.

“இது ரெண்டு யோசனைங்க” என்று அவள் எழுந்து வந்தாள். “கீழ் ரெண்டு கோடும் மெல்லிசான கம்பி. விரலை நல்லா மடக்க முடியறவங்க இறுகப் பிடிச்சு எழுந்துக்கலாம். மேல் ரெண்டும் அகலமான திண்டு. பிடிக்க முடியாதவங்க உள்ளங்கைய வச்சு அழுத்தி எழுந்துக்கலாம். எது நல்லதுன்னு முடிவு பண்ணல.”

“சிலேட்டு நடுவுல வெட்டிடுச்சு” என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

“நடுவுல நிக்கிறது பிடிக்கவும் வராது, அழுத்தவும் வராது. மாமா வழுக்கி விழுந்ததே அதனாலதான்.”

“இன்னும் அடியில ஏதோ தெரியுதே?” என்று அச்சுக்காரம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையருகே குனிந்தார். “அது என்ன, மங்கலா?”

அவன் இன்னொரு தட்டுத் தட்டினான். அவள் தடுப்பதற்குள் அது மேலே வந்துவிட்டது.

ஒரு கை. விரல்கள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மடங்கிய கை. அதற்கு எட்டும் தூரத்தில் மூடி திறக்காத ஒரு தண்ணீர்ப் பாட்டில். கீழே அவள் கையெழுத்தில், ‘அம்மா. எட்டு மணி முதல் ஒரு மணி வரை.’

இதை அவள் வரைந்து, ஐந்து நிமிஷம் பார்த்திருந்து, அழித்துவிட்டாள். அழித்து ஒரு மாதமாகிறது.

“அழிச்சதையுமா வச்சிருக்க?” அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“அழிச்சதுலதான் பாதி யோசனை இருக்குன்னு நீதானே சொன்ன? அதான் எதையும் போக விடாம அடியில சேர்த்து வைக்கச் சொல்லி எழுதினேன். ஆனா நான் திறந்து பார்த்ததில்ல. சத்தியமா.” அவன் கண் அந்தப் பாட்டிலை விட்டு நகரவில்லை. “எட்டு மணி முதல் ஒரு மணி வரைன்னா?”

அவள் லேப்டாப்பை மூடப் போனாள். அதற்குள் அச்சுக்காரம்மா திரையில் விரல் வைத்துவிட்டார்.

“யார் கைம்மா?”

“எங்கம்மா கை.”

“இந்தக் கை கம்பியப் பிடிக்காது” என்று அவர் தன் உள்ளங்கையை எஃகுக் கட்டையின் மேல் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். “இப்படித்தான் அழுத்தும். ஆனா கம்பி வேணுங்கிறவங்களும் இருப்பாங்க. நான் ஒண்ணு சொல்லட்டுமா? எதுக்கு ஒண்ண விடணும்? கைப்பிடி வர்ற இடத்த மட்டும் கழட்டி மாட்டற துண்டா செஞ்சு தர்றேன். இந்தத் துண்டப் போட்டா திண்டு, அந்தத் துண்டப் போட்டா கம்பி. நாற்காலி அதே நாற்காலி. உங்க கேள்விக்குறியும் அப்படியே நிக்கட்டும், வாங்கறவங்க பதில் சொல்லிக்கட்டும்.”

அவளுக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எண்ணெய்க் கறையைப் பார்க்காமல் பிடித்துக்கொண்டாள்.

அதே நேரம் பார்த்து மேனேஜர் விமானத்திலிருந்து இறங்கிப் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கத்தினார். ரெண்டு துண்டு என்றதும் கொஞ்சம் இறங்கினார். வெள்ளிக்கிழமை நேரில் வந்து ரெண்டையும் பார்க்கிறேன் என்றார். கடைசியாக, “அப்ப கொக்கி கிடையாதா? குடை மாட்டிக்கலாம்னு நினைச்சு எங்க எம்.டி. ரொம்பப் பாராட்டினாரே சார்!” என்று மனசில்லாமல் போனை வைத்தார்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் ஸ்கூட்டர் தானாக நின்றது. அவன் நிறுத்தியதுதான். ஆனால் எதற்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

டீ வந்தது. அவன் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

“எனக்குக்கூட சொல்லல” என்றான்.

“சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா நீ உடனே நேர்த்தி பண்ணிடுவ. வாரத்துல மூணு நாள் அங்க, நாலு நாள் இங்க. இல்லாட்டி ஒரு மாசம் வந்து இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். எங்கம்மாவையும் கூட்டி, வகுத்து, ஐம்பத்திரண்டு மில்லின்னு சொல்லிடுவ.”

அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று அவனுக்கே தெரிந்தது.

“இப்ப நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. உன் மனசுல இருக்கிறத நீ சொல்லு.”

“இங்க வந்து இருக்கணும். என்கூட.”

“முன்னறையில இருக்கிற மேசைய மட்டும் கொஞ்சம்...”

“பார்த்தியா, ஆரம்பிச்சுட்ட.”

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீ புரையேறியது. நேற்று மாலைக்குப் பிறகு முதல் சிரிப்பு. அவன் தலையைத் தட்டிவிட்டு, அவள் கண்ணோரத்தையும் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

“அப்பாகிட்ட நான் பேசட்டுமா?”

“வேணாம். கேக்கச் சொன்னது என்னை. நான்தான் கேக்கணும்.”

“இல்லன்னு சொல்லிட்டா?”

“சொல்லட்டும். ஆனா கேள்விய நான் அழிச்சுட்டேன்னு இருக்கக் கூடாது.”

பகல் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு அவள் ஃபோம் கட்டையை எடுத்தாள். அகலமான திண்டு ஒன்றை, உள்ளங்கை அமரும் பள்ளத்தோடு, கத்தியால் வழித்து வழித்துச் செதுக்கினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டைத் திருத்தினான். ஒரு கோடு கிடந்தால் நேராக்கு. நாலு கோடு கிடந்தால் கையை எடு. கேள்விக்குறியைக் கண்டால், அது கேள்விக்குறி. இவ்வளவைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்க அவனுக்கு மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

“என்ன, பயணி ஏறலாமா?” என்று மாமனார் முன்னறை வாசலில் வந்து நின்றார். “இன்னிக்கும் விழுந்தா நான் மனித உரிமைக் கமிஷனுக்குப் போறதா இருக்கேன்.”

“இன்னிக்கு விழமாட்டீங்க மாமா.”

“நேத்தும் இதையேதான் சொன்ன.”

“நேத்து சொன்னது உங்க பிள்ளை.”

“ஆமாம், ஆமாம். எலி சொன்னத நம்பி ஏறினேன், எனக்கு வேணும்.”

மரச்சட்டத்தின் மேல் பொருத்திய ஆசனத்தில் அவர் மெதுவாக உட்கார்ந்தார். திண்டுகளின் மேல் ரெண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். நேற்று மாதிரி விரலால் இறுக்கப் போனவரை அவள் தடுத்தாள்.

“பிடிக்காதீங்க மாமா. சும்மா அழுத்துங்க.”

அழுத்தினார். ஆசனத்தின் அடியிலிருந்த நெம்புகோல் கூடவே வந்தது. முகத்தில் வலியை எதிர்பார்த்த சுளிப்பு வந்து, வலி வராமல் ஏமாந்து, அப்படியே கலைந்தது. யார் கையையும் தேடாமல், சுவரைத் தொடாமல், அந்த எழுபத்தோரு வயதுக்காரர் எழுந்து நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

“டேய்!” என்றார் மகனைப் பார்த்து. “பார்த்தியா? ஒரு ஆள் உதவியில்ல. லைன் கிளியர்!”

உடனே உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மூன்றாவது தடவை எழுந்தபோது வாயால் விசிலே அடித்துவிட்டார்.

“மாமா, போதும், முட்டி வலிக்கும்.”

“வலிச்சா வலிக்கட்டும்மா. நானா எழுந்து எத்தனை மாசமாச்சு தெரியுமா? காலையில கட்டில்லேருந்து எழுந்துக்க எலிய கூப்பிடணும். கூப்பிடக் கூச்சமா இருக்கும். சில நாள் தாகமா இருந்தாலும் அவன் எழுந்திருக்கட்டும்னு படுத்தே கிடப்பேன்.”

அவன் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். இது அவனுக்கும் புதுச் செய்தி.

அவள் கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்தாள். கூந்தலிலிருந்த பென்சிலை ஏன் உருவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே ஒரு குரல், டீ போடட்டுமா என்று கேட்டுவிடு என்றது. ரெண்டு மாதமாகப் பழகிய குரல்.

“மாமா.”

“சொல்லும்மா பென்சில்.”

“நான் வந்த புதுசுல ஒரு டிக்கெட் போட்டு வச்சீங்களே, வெயிட்டிங் லிஸ்ட்ல. ஞாபகம் இருக்கா?”

மாமனார் திண்டிலிருந்து ஒரு கையை எடுத்தார். மறு கை அழுத்தியபடியே இருந்தது. சிரிப்பு மெல்லக் குறைந்து, முகம் கேட்டுக்கொள்ளும் முகமாக மாறியது.

“என் நோட்டுல ஏறினது எதுவும் மறக்காதும்மா. கேளு.”

அவள் பென்சிலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரே இழுப்பில் சொன்னாள்.

“எங்கம்மாவை இங்க கூட்டிட்டு வரணும் மாமா. ரெண்டு நாள் தங்கிட்டுப் போக இல்ல. இருக்கறதுக்கு.”